விடுங்க மாப்பிள்ளை

எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத் துடைப்பார். கழற்றிய பிறகும் துடைப்பார். அப்புறம் அதை மாத்திரை போடுகிற சின்னக் காகித உறைக்குள் போட்டு, உறையின் மேல் பேனாவால் எழுதுவார்: 'இடது, மேல், ஒன்று.' மருந்துக்கடை வைத்திருப்பவர். காலை, மதியம், இரவு என்று ஏற்கெனவே அச்சடித்த உறைகள் அவை. என் காரின் நட்டுகளையெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை விழுங்க வேண்டும் என்பதுபோல வாசலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். கத்தக் கூடாது. என் ஒரே தங்கையின் புருஷன் அவர்.

கத்துவதுதான் என் தொழில். டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். "கிளட்சை விடு, மெதுவா விடு, ஐயோ பிரேக்கு, பிரேக்கு!" என்று பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தொண்டை கிழியக் கத்துகிறவன். என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார்கள். ஆனால் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள்.

மாப்பிள்ளையிடம் மட்டும் என் வாய் வேறு வாய். கல்யாணமான நாளிலிருந்து "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு போனதே இல்லை. அவர் என்ன செய்து எனக்கு எரிச்சல் வந்தாலும் அதை மென்று விழுங்கிவிட்டு, "விடுங்க மாப்பிள்ளை, பாத்துக்கலாம்" என்பேன். என் மனைவி இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவாள். "அந்தப் பொறுமையில கால்வாசி என்கிட்ட காட்டினா நான் கோயில் கட்டிடுவேன்" என்பாள்.

இத்தனை கூத்தும் தங்கையின் காலுக்காக. முதுகில் ஆபரேஷன் ஆகி, படியேற முடியாது என்பதால் தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். முதுகு தேறிவிட்டது. இடது பாதத்தில் மரப்பு மட்டும் போகவில்லை. "பாத்துட்டுத்தான் சொல்ல முடியும், ஒருவேளை முதுகை மறுபடி திறக்க வேண்டியிருக்கும், தள்ளிப்போட்டா கால் பழையபடி வராது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வரச் சொன்ன நாளில் தங்கை போகவில்லை. அடுத்துக் கொடுத்த நாளிலும் போகவில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "அந்த வண்டியில என்னால முடியாதுண்ணா. ஒவ்வொரு மேட்டுக்கும் உசுரு போய் உசுரு வருது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. காரில் குலுக்கலைத் தாங்குகிற முன்பக்க ஷாக் இரண்டும் செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. பானட்டைக் கையால் அழுத்திவிட்டால் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடியில் 'தடக்' என்று ஒரு சத்தம் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று ஒவ்வொரு தடக்குக்கும் அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வாடகை வண்டி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தோம். வேகத்தடை என்பது வேகத்தைக் கூட்டுவதற்காகப் போட்டது என்று அந்த டிரைவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையிலேயே இறங்கித் திரும்பிவிட்டாள். ஸ்கூல் வண்டியைக் கொண்டுவரலாம் என்றால், என் மாணவர்களின் புண்ணியத்தில் அது இதைவிட மோசம்.

டாக்டர் மூன்றாவதாகக் கொடுத்த நாள் நாளைக் காலை. மெக்கானிக்கோ அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைதான் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கோத்த புது ஷாக் இரண்டையும் வாங்கிவந்து வாசலில் இறக்கினார்.

"நாமளே மாட்டிடலாம் மச்சான். வீடியோ பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

ஒண்ணுமே இல்ல என்று தொடங்கிய எந்த வேலையாவது ஒழுங்காக முடிந்திருக்கிறதா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்து, "அவசரமே இல்லண்ணா, மெதுவா பண்ணுங்க" என்றாள். மெதுவாகவா! மெதுவுக்கு இங்கே குறைச்சலா என்ன?

முதலில் இடது பக்கம். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினோம். அதுவரை நான் செய்ததால் வேகமாக நடந்தது. அப்புறம் மாப்பிள்ளை கீழே உட்கார்ந்து வீடியோவை ஓடவிட்டார். வீடியோக்காரன் ஸ்பானரை வைத்தான், திருகினான், நட்டு வந்துவிட்டது. எங்கள் நட்டு வரவில்லை. உள்ளே இருக்கும் போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. மாப்பிள்ளை வீடியோவை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி பார்த்தார். வீடியோவை எத்தனை தரம் ஓட்டினாலும் அவன் நட்டுதான் கழலும், நம்ம நட்டு கழலாது என்று யார் அவருக்குச் சொல்வது?

"துரு மச்சான்" என்றார்.

"அப்படியா மாப்பிள்ளை" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

துரு நீக்குகிற ஸ்பிரே ஒரு டப்பா முழுவதையும் அதன்மேல் கொட்டினோம். ஊறட்டும் என்று உட்கார்ந்தார். மருந்து வேலை செய்ய நேரம் கொடுக்க வேண்டுமாம். என் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்து, காருக்கு அடியில் எட்டிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். கடைசியில் போல்ட்டின் நுனியை டூல் பெட்டியில் இருந்த ஒரு ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு நட்டைத் தனியாகத் திருகி எடுத்தோம். மாப்பிள்ளை அதைத் துடைத்தார், உறையில் போட்டார், எழுதினார். எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

கீழே சக்கரத்தோடு ஷாக்கைப் பிணைக்கிற இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு ஸ்பானர் முனையில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் நானே ஏறி நிற்க வேண்டியதாயிற்று. ஒருவழியாகப் பழைய ஷாக்கை வெளியே எடுத்தபோது உச்சி வெயில். அந்தப் பாழாய்ப்போன சனியன் முழுக்க எண்ணெய் கசிந்து பிசுபிசுத்துக் கிடந்தது. அதன் தண்டைக் கையால் அழுத்தினால் அப்படியே உள்ளே போய் அங்கேயே இருந்துவிட்டது.

அடுத்து புதுசை மாட்ட வேண்டும். ஷாக்கின் தலையில் மூன்று திருகாணிகள் இருக்கும். ஒருவர் கீழேயிருந்து ஷாக்கைத் தூக்கிப் பிடித்தால், அந்தத் திருகாணிகள் பானட்டுக்கு உள்ளே இருக்கும் மூன்று ஓட்டைகள் வழியாக மேலே வரும். இன்னொருவர் மேலேயிருந்து நட்டைப் போட வேண்டும். நட்டு ஏறும்வரை கீழே பிடித்திருப்பவர் கையை எடுக்கக் கூடாது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். மாப்பிள்ளை சக்கரம் இருந்த குழிக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவிட்டார். திருகாணிகள் மேலே எட்டிப் பார்த்தன. இத்தனை அழகாக அவர் செய்த முதல் காரியம் இதுதான்.

நட்டைத் தேடினேன். கீழ் நட்டுகள் இருந்தன, நடு நட்டுகள் இருந்தன. 'இடது, மேல்' மட்டும் இல்லை.

"மேல் நட்டு எங்க மாப்பிள்ளை?"

"அங்கதான் மச்சான்."

"இல்லையே."

"நல்லாப் பாருங்க."

கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு தேடினேன். இல்லை. கீழேயிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அட, என் சட்டைப் பைல இருக்கு மச்சான்! மன்னிச்சிடுங்க. தொலைஞ்சிடக் கூடாதுன்னு தனியா எடுத்து வெச்சேன். தப்பு என்னுதுதான். தூக்குறதுக்கு முன்னாடியே உங்க கைல குடுத்திருக்கணும். இப்படித்தான் கடைலயும், முக்கியமானது எதுவோ அதைத் தனியா வெச்சிட்டு அப்புறம் எங்க வெச்சேன்னு…"

ஷாக்கைத் தலையில் சுமந்துகொண்டு இந்த மனிதர் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். என் வாயில் என்னென்னவோ வந்தது. அத்தனையையும் விழுங்கினேன்.

"விடுங்க மாப்பிள்ளை, விடுங்க" என்றேன்.

விட்டுவிட்டார்.

ஷாக் 'ணங்' என்று கீழே இறங்கி, ஓரத்தில் முட்டித் திரும்பி, ரப்பர் செருப்பு போட்டிருந்த அவர் காலில் விழுந்தது. "அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மதில்மேல் இருந்த காக்கை பறந்துபோனது.

"டேய்!" என்று கத்தினேன். "அறிவிருக்காடா உனக்கு? அதைப் போய் எவனாவது விடுவானா?"

"நீங்கதானே மச்சான் விடச் சொன்னீங்க!"

"நான் அதையாடா விடச் சொன்னேன்?"

"பின்ன எதை?"

"பேச்சை விடச் சொன்னேன்டா! பேச்சை! வளவளன்னு மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தியே, அதை!"

என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். மாப்பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கே உறைத்தது. தொலைந்தது, குடும்பமே கிழிந்தது என்று நினைத்தேன்.

நான் குனிந்து பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்த்தேன். நல்ல வேளை, அதில் படவில்லை. பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். அந்த வரிசையை என் மனைவி கவனித்துவிட்டாள். அதற்கு அப்புறமாக எனக்குத் தனியாகத் திட்டு கிடைத்தது. கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தது. மாப்பிள்ளை அதைத் தானே அழுத்திப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "எலும்புக்கு ஒண்ணும் ஆகல" என்று மருந்துக்கடைக் குரலில் தீர்ப்பு சொன்னார். மனைவி ஐஸ் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, கோபத்துல ஏதோ வாய் தவறி…" என்று இழுத்தேன்.

"மச்சான், நீங்க என்னை டா போட்டீங்க."

"அதான் சொல்றேனே, தெரியாம வந்துடுச்சு."

"பரவால்ல, நல்லாத்தான் இருந்துச்சு." அவர் சிரித்தார். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்தார். "உங்களுக்கு என் மேல கோபம் இருக்குன்னு எப்பவும் தெரியும். எதுக்குன்னுதான் தெரியாது. இன்னிக்குத்தான் வாயத் திறந்து சொன்னீங்க. இனிமே இப்படியே சொல்லுங்க, வேலையாவது நடக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுமை இறங்கியது போலவும் இருந்தது.

"சரி, எழுந்திரு" என்றேன். "மொதல்ல அந்த ரப்பர் செருப்பைக் கழட்டித் தூரப் போடு. என் பூட்ஸைப் போட்டுக்க."

அதற்குப் பிறகு வேலை பறந்தது. பாதி மாணவனிடம் பேசுவதுபோல, பாதி தம்பியிடம் பேசுவதுபோல, "பிடி, தூக்கு, இன்னும் தூக்கு, அப்படியே நில்லு, மூச்சு விடலாம், கையை விடாதே" என்று நான் கத்தக் கத்த அவர் செய்தார். அவரும் சும்மா இல்லை. "கத்துறது இருக்கட்டும், நீங்க நட்டை வெச்சிருக்கீங்களா மச்சான்?" என்று கீழேயிருந்து பதிலுக்குக் கொடுத்தார். உறையில் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. அதையும் சொல்ல வேண்டும், வலது பக்கத்தில் ஒரு நட்டைக்கூட நாங்கள் தேடவில்லை.

சத்தம் கேட்டுத் தங்கை இடுப்பு பெல்ட்டோடு, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் அறையைத் தாண்டி வந்தே ரொம்ப நாளாகியிருந்தது. சந்தோஷப்பட்டு நாற்காலி போட்டோம். மரத்த பாதத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கே முடிஞ்சிடுமாண்ணா?"

"ஏன் முடியாது? ஒரு பக்கம் முடிஞ்சிடுச்சே."

"இல்ல, அவருக்குக் கால்ல அடி. முடியலன்னா விட்டுடுங்க. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."

"அடுத்த வாரமா?" எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. "நாங்க ரெண்டு பேரும் காலைலேர்ந்து இங்க என்ன, விளையாடிட்டா இருக்கோம்? உன் புருஷன் விரலையே குடுத்துட்டான். நீ அடுத்த வாரங்கற!"

அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லா நட்டும் டைட்டா இருக்கா, நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்தாச்சு என்றேன். "சத்தம் வந்தா?" என்றாள். வராது என்றேன். அவளுக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையின் உறைகளைப் பார்த்தால் யாருக்கு வரும் நம்பிக்கை?

பொழுது சாய்கிற நேரத்தில் சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கினோம். பானட்டை அழுத்திவிட்டேன். ஒருமுறை எழுந்து அப்படியே நின்றது. மாப்பிள்ளை தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு என் மனைவி வந்து அழுத்திப் பார்த்தாள். மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

நானும் மாப்பிள்ளையும் முதலில் ஒரு சுற்று போய்வந்தோம். ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நின்றது. சக்கர அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தாங்கும். பிரேக் நன்றாகப் பிடித்தது. நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிப் பார்த்தோம். "இப்ப நீ வா" என்று தங்கையைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு எப்படியும் போகத்தானே போறோம்" என்றாள்.

"நாளைக்கு வழியில நின்னுக்கிட்டு, வலிக்குதுன்னு திரும்பவா? வா, இப்பவே பாத்துடலாம்."

முன் சீட்டை முழுக்கச் சாய்த்து, தலையணை வைத்து, இரண்டு பேரும் தாங்கி உட்கார வைத்தோம். மாப்பிள்ளை பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டார். தெருமுனை வரை மண் ரோடு. நான் முதல் நாள் மாணவனைவிட மோசமாக ஓட்டினேன். தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பற்றியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை வந்தது. அன்றைக்கு அவள் அலறிய இடம் அதுதான்.

ஏறினேன். இறங்கினேன். தடக் இல்லை. வண்டி மெல்ல அமர்ந்து எழுந்தது, அவ்வளவுதான்.

"எப்படி?" என்றார் மாப்பிள்ளை பின்னாலிருந்து.

திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏறி இறங்கினேன். இந்த முறை கொஞ்சம் வேகமாகவே. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரம்கட்டினேன். காலையிலிருந்து பட்ட பாடு, வெயில், துரு, வீங்கிய விரல், எல்லாம் வீண் என்று நினைத்தபோது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வலிச்சுதா இல்லையா? வாயத் திறந்து சொல்லித் தொலை!"

"வலிக்கலண்ணா."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல."

"அப்புறம் எதுக்குடி அழற?"

அவள் கண்ணைத் திறந்து வண்டியின் கூரையைப் பார்த்தாள்.

"வலிச்சிருந்தா நாளைக்கு வர வேண்டாமேண்ணா."

எனக்கு முதலில் புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. பின்னாலிருந்து எட்டி அவள் தோளில் கை வைத்தார். கிரீஸ் கை, துடைக்கக்கூட இல்லை.

"மறுபடி திறக்கணும்னு சொல்லிடுவாரு" என்றாள் அவள். "எனக்குத் தெரியும். பாதம் என்னுது, எனக்குத் தெரியாதா? வண்டிதான் ஒண்ணு இருந்துச்சு, சொல்லிட்டு இருந்தேன். அதையும் சரி பண்ணிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயமாக இருந்தது. டாக்டர் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று எனக்கும் உள்ளுக்குள் தெரியும். எதிரே ஒரு லாரி வேகத்தடையில் ஏறி, சாமான்கள் குலுங்க இறங்கிப் போனது.

"போய்த்தான் ஆகணும்டி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "எத்தனை மணிக்கு?"